மாலை ஏறாத படம்

தெய்வானை மாலையும் கையுமாக நின்றாள். படத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். அந்த ஒரு முழத்தை மாலை தாண்டவில்லை.

பதினாறாம் நாள் காலை. கூடம் நிறைய ஆட்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜமுக்காளம் விரித்து, சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தி, என் மனைவி சிவகாமியின் படத்தை வைத்திருந்தோம். கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும். சுமங்கலியாகப் போனவள் என்று குங்குமத்தைப் பெரிதாகவே வைத்திருந்தார்கள். ஊதுபத்திப் புகையும் சாமந்தி வாசனையும் சேர்ந்து தொண்டையை அடைத்தது.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம். இறந்தவள் பெண்ணாக இருந்தால் படத்துக்கு முதல் மாலை அவள் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். அது ஏறிய பிறகுதான் புருஷன் வீட்டு மாலை. சிவகாமிக்கு அப்பா, அம்மா போய்ச் சேர்ந்து நாளாயிற்று. உடன்பிறந்த ஆண் பிள்ளையும் கிடையாது. பிறந்த வீடு என்று இருந்தது ஒரே ஒரு தங்கை. நெற்குப்பையில் வாழ்க்கைப்பட்ட தெய்வானை.

அவள் படத்தைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்து பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பின்பு மாலையைத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

கூடத்தில் சலசலப்பு. எனக்குச் சுரீரென்று வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை என்று சிவகாமி சொல்வாள். அன்றைக்குக் காரணமும் இருந்தது. சபையில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாளே என்று அவள் பின்னாலேயே போனேன்.

அடுப்படியில் அவள் என்ன சொன்னாள் என்பதற்கு முன்னால், அந்தப் படம் எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

பாஸ் பார்த்த கண்

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக பஸ்ஸைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். மனைவியைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று ஒரு வாசகி கடிதத்தில் கேட்டிருந்தார். இல்லாததற்குக் காரணம் இந்தப் படம்தான், அம்மா. ஆனாலும் பஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

காரைக்குடி, சிவகங்கை வழியில் இருபது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவன் நான். கூட்டத்தில் எவன் டிக்கெட் எடுத்தான், எவன் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். ஒரு தடவை பார்த்த முகம் எனக்கு மறக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாஸில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் ஒட்டியிருக்கும். அதையும் முகத்தையும் ஒரு நொடி மாற்றி மாற்றிப் பார்ப்பேன். ஒருநாள் ஒரு பெண் பிள்ளை பாஸை நீட்டியது. பார்த்தேன். பாஸில் இருந்தது அதன் அக்கா. ஜாடை அப்படியே அச்சு. மற்ற கண்டக்டர்கள் எல்லாம் விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, இது உன் மூஞ்சியா, உங்க அக்கா மூஞ்சியா என்று கேட்டு, விசிலடித்து, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன். அது அழுதுகொண்டே புளியமரத்தடியில் நின்றது. பஸ் திரும்புகிற வரை கண்ணாடியில் தெரிந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சிவகாமியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, பிள்ளை எப்படி வீட்டுக்குப் போனதோ என்றாள். நான் எதைப் பற்றிப் பேசுகிறேன், நீ எதைக் கேட்கிறாய் என்று அவள்மேல் விழுந்தேன்.

என் வாய் அப்படி. ஓடுகிற பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல்தான். அவளைக் கைநீட்டி அடித்தது கிடையாது. அதை ஒரு தகுதியாக நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு படம்கூட இல்லை

சிவகாமி படுத்தது பன்னிரண்டு நாள். காமாலை என்று மதுரைக்குக் கூட்டிப் போனோம். அது காமாலையோடு நிற்கவில்லை. கடைசி இரண்டு நாள் அவளுக்கு நினைவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் கதிரேசன், பதினாறுக்குப் படம் வேண்டுமே என்று ஆல்பங்களை எடுத்து வைத்து உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன்.

எங்கள் கல்யாணப் படம். கண் மூடியிருக்கிறாள். கதிரேசனுக்குக் காது குத்திய படம். மூடியிருக்கிறாள். வீடு குடிபுகுந்த அன்று பால் காய்ச்சிய படம். மூடியிருக்கிறாள். அவன் பட்டம் வாங்கிய அன்று கல்லூரி வாசலில் எடுத்தது, அவன் கல்யாணத்தில் எடுத்தது, எல்லாவற்றிலும் அப்படியே. ஆதார் அட்டையில் மட்டும் கண் திறந்திருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு மைச் சொட்டு.

கேமராவைக் கண்டால் இவளுக்குத் தூக்கம் வந்துவிடும் என்று நான் சொந்தக்காரர்கள் மத்தியில் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அன்றைக்கு ஆல்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் ஒரு வீட்டில் இருந்தவளின் கண்ணைப் பார்க்க ஒரு படம்கூட இல்லை. கதிரேசன் எழுந்து கொல்லைப்புறம் போய் அழுதான்.

பானுவின் மேசை

பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் பானு என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்வதுதான் தொழில். கல்யாண ஆல்பத்துக்கு ஊரில் ஆள் ஏராளம். இறந்தவர் படம் என்றால் எல்லோரும் அவளிடம்தான் அனுப்புவார்கள். கதிரேசன் அவன் கல்யாணப் படம் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். இருந்ததிலேயே தெளிவான படம் அதுதான். அதில் நான், என் பக்கத்தில் சிவகாமி, அவள் பக்கத்தில் தெய்வானை.

நான் போனபோது எனக்கு முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஆயுள் முழுக்கச் சட்டையே போடாத ஒரு பெரியவருக்குச் சட்டை போட்டுவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையா, கலரா என்று அவர்களுக்குள் தகராறு. பானு பொறுமையாக இரண்டையும் போட்டுக் காட்டினாள். சட்டை போட்டதும் அது வேறு யாரோ ஆகிவிட்டது. அவர்களுக்கு அது திருப்தியாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் இளக்காரம். பெற்ற அப்பனையே ஆள் மாற்றி எடுத்துக்கொண்டு போகிறார்களே என்று.

பானு ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் கை வைப்பாள். மருவை எடுக்கவா, இருக்கட்டுமா? நரையைக் கறுப்பாக்கவா? மூக்குத்தியில் வெளிச்சம் அடிக்கிறது, குறைக்கவா? எனக்குப் பொறுமை இல்லை. உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய் என்றேன்.

முதலில் என்னையும் தெய்வானையையும் வெட்டினாள். சிவகாமியின் தோளை ஒட்டி இருந்த என் தோளையும் அழித்து அந்த இடத்தில் சேலையை இழுத்துவிட்டாள். பின்னால் இருந்த மண்டபத் திரையை எடுத்துவிட்டு வெளிர் நீலம் போட்டாள். நெற்றியிலும் கன்னத்திலும் ரொம்ப நேரம் ஏதோ செய்துகொண்டிருந்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை. அப்புறம் கண்ணுக்கு வந்தாள்.

மூடிய கண்ணைத் திறக்க வேண்டுமென்றால் வேறு ஒரு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து வைக்க வேண்டுமாம். அவளுடைய வேறு படம் இல்லை என்றேன். பானு முழுப் படத்தையும் மறுபடி திரையில் கொண்டுவந்து சிவகாமிக்கு அந்தப் பக்கம் நின்ற தெய்வானையைக் காட்டினாள். கூடப் பிறந்தவர்களா என்று கேட்டாள். ஒரே வெளிச்சம், ஒரே தூரம், ஒரே ஜாடை. இந்தக் கண்ணை எடுத்து வைத்தால் ஒட்டும் என்றாள். சொல்லிவிட்டு மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

"அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறீகளா சார்? உசுரோட இருக்கவுக."

என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எனக்குத் தெரியாதா? குழுவாக எடுத்த படத்தில் ஒருவர் இறந்தால்கூட, மற்றவர்களை வெட்டிவிட்டுத்தான் சுவரில் மாட்டுவோம். ஆனால் இது ஆள் இல்லையே, கண்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்பாள் என்பதும் தெரியும்.

"அதெல்லாம் கேட்க வேணாம்மா. அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணுதான். நீ வையி."

வைத்தாள். ஓரங்களை இழைத்து, இமையின் நிழலைச் சரிசெய்து, திரையை என் பக்கம் திருப்பினாள். அவுகதானா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க என்றாள்.

சிவகாமி என்னைப் பார்த்தாள். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு படத்திலும் பார்க்காதவள் நேராக என்னைப் பார்த்தாள். எனக்குப் பொலபொலவென்று வந்துவிட்டது. அவளேதான், அவளேதான் என்று இரண்டு தடவை சொன்னேன். பானு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்து, உயிரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்கள். கதிரேசன்கூட எந்தக் குறையும் சொல்லவில்லை.

அடுப்படியில்

இனி அந்தப் பதினாறாம் நாளுக்கு வருகிறேன்.

தெய்வானை அடுப்படி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். சமையலுக்கு வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்ததுமே வெளியே போய்விட்டார்கள். பிறந்த வீட்டு மாலை ஏறாமல் எல்லோரும் காத்திருக்கிறார்கள், அக்காவுக்குச் செய்கிற கடைசி மரியாதையிலுமா உன் முறுக்கைக் காட்டுவாய் என்று அடிக்குரலில் சீறினேன். அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசினால் இன்னும் நாலு வார்த்தை கொட்டத் தயாராக இருந்தேன்.

அவள் திரும்பினாள்.

"அது என் கண்ணு அத்தான்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"என் கண்ணுக்கு நானே மாலை போடவா? போட்டாலும் போட்டுட்டுப் போறேன், எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். ஆனா எது அக்கா கண்ணு, எது என் கண்ணுன்னு உங்களுக்குத் தெரியலையே. அதைத்தான் தாங்க முடியலை."

அப்புறம்தான் அவள் சொன்னாள். சிவகாமிக்குச் சின்ன வயதில் இடது கண் இமையில் சேவல் கொத்திவிட்டது. புண் ஆறியது, ஆனால் இமை கடைசி வரை கொஞ்சம் இறங்கியேதான் இருந்தது. பார்த்தால் பாதித் தூக்கத்தில் இருப்பவள் மாதிரி தெரியும். அது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். தெரியும் என்றால், இறங்கிய இமையைத் தெரியும். அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் விடியாததுமாகக் காப்பி கொடுக்க வருகிறவளைப் பார்த்து, தூங்கி வழியாதே, முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்று எத்தனை காலை சொல்லியிருக்கிறேன்! அவள் ஒருநாள்கூடச் சேவலைப் பற்றிச் சொன்னதில்லை. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தெய்வானை கொல்லைப்புறக் கதவு வழியாகவே போய்விட்டாள். அவள் கொண்டுவந்த மாலை சாயங்காலம் வரை தாம்பாளத்திலேயே கிடந்து வாடியது. மற்ற மாலைகளை வழக்கத்தை மீறிப் போட்டோம். எல்லோரும் போன பிறகு நான் மட்டும் படத்தின் முன்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சொன்ன பிறகும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாஸில் இருந்த அக்காவையும் எதிரில் நின்ற தங்கையையும் ஒரு நொடியில் பிரித்தவன் நான். மாலைகளைக் கழற்றிவிட்டு, படத்தைப் பீரோவுக்குள் குப்புற வைத்தேன்.

நெற்குப்பை

ஒரு மாதம் போனது. கதிரேசன் சென்னைக்குத் திரும்பிவிட்டான். தெய்வானை வரவில்லை, போனும் இல்லை. ஒருநாள் நெற்குப்பைக்குப் பஸ் ஏறினேன். முன்பு என்னோடு வேலை பார்த்தவர்தான் கண்டக்டர். முன் சீட்டில் உட்காரச் சொன்னார். வேண்டாம் என்று கடைசி சீட்டுக்குப் போனேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

தெய்வானை காப்பி கொடுத்தாள். உட்காரவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட்டேன், உன் கண்ணை எடுத்துவிட்டு வேறு படம் செய்யப்போகிறேன், என்னைப் பொறுத்துக்கொள் என்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். மூன்று படம். பள்ளிக்கூடத்தில் எடுத்தது ஒன்று, சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது ஒன்று. மூன்றாவது, சிவகங்கையில் ஸ்டூடியோவில் அக்காவும் தங்கையும் பாவாடை தாவணியில் நின்று எடுத்தது. என்னைக் கட்டுவதற்கு ஒரு வருஷம் முன்னால் எடுத்ததாம்.

கண் திறந்திருந்தது. மூன்றிலும் திறந்திருந்தது. இடது இமை கொஞ்சம் இறங்கி, எதையோ கேட்டுச் சிரிக்கப்போகிற மாதிரி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

வெளிச்சம் பட்டால் கண் கூசும், அதனால் மூடுவாள் என்றுதான் நினைத்தேன் என்றேன். எங்கள் கல்யாணத்தன்று முதல் படத்திலேயே மூடினாள் என்றேன்.

"அன்னைக்குச் சிமிட்டினா. எல்லாருக்கும் சிமிட்டும். நீங்க அத்தனை பேருக்கு முன்னாடி, கண்ணைத் தொறந்து தொலைன்னீக. தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகலை."

எனக்கு நினைவிருந்தது. அதை நான் ஒரு வேடிக்கைக் கதையாக நினைவு வைத்திருந்தேன்.

"அப்பறம் எப்பப் படம் எடுத்தாலும் பக்கத்துல நின்னு அதட்டுவீக. அக்கா எங்கிட்டச் சொல்லியிருக்கா. 'அவுக வாயைத் தொறக்கப் போறாகன்னு தெரியும்டி. நான் கண்ணை மூடிக்கிருவேன். மூடிக்கிட்டா அம்புட்டு ஒறைக்காது'ன்னு. சொல்லிட்டுச் சிரிச்சா. எனக்குத்தான் சிரிப்பு வரலை."

காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாவணிப் படத்தை எடுத்துப் போகச் சொன்னாள். அந்தக் கண்ணை வைத்துச் செய்யுங்கள், அது அக்கா கண்தான் என்றாள்.

ஒட்டாத கண்

பானு அந்தப் பழைய படத்தை ஸ்கேன் செய்து, கண்களை எடுத்து, சிவகாமியின் முகத்தில் வைத்தாள். ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இமையைத் தளர்த்தினாள், சுருக்கம் சேர்த்தாள், நிறத்தை மங்கலாக்கினாள். கடைசியில் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"ஒட்ட மாட்டேங்குது சார். இந்தக் கண்ணு சிரிக்குது. இந்த மொகம் சிரிக்கலை."

வயது வித்தியாசமா என்று கேட்டேன். அவள் தயங்கினாள். அப்புறம், தான் கை வைப்பதற்கு முன்னால் இருந்த மூலப் படத்தைத் திரையில் கொண்டுவந்து, பெரிதாக்கினாள். சும்மா சிமிட்டியவர்களுக்கு இமை மட்டும்தான் இறங்கும். இங்கே பாருங்கள், புருவம் இறுகியிருக்கிறது, கன்னம் இறுகியிருக்கிறது, கழுத்து நரம்புகூட இழுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அன்றைக்கு அதையெல்லாம் இளக்கிவிட்டுத்தான் கண்ணை வைத்தேன் என்றாள். அன்றைக்கே பார்த்தேன், சொல்லத் தோன்றவில்லை என்றும் சொன்னாள்.

நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் மகன் கல்யாணத்து வெற்றிலைப் பை. தலை லேசாக அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது.

அன்று வீட்டுக்குப் போய் ஆல்பங்களை மறுபடி எடுத்தேன். காது குத்து, பால் காய்ச்சிய நாள், கல்லூரி வாசல். அவள் கண் மூடிய படங்கள் என்று இத்தனை நாள் நான் சொல்லிக்கொண்டிருந்த படங்கள் எல்லாவற்றிலும் பக்கத்தில் நான் இருக்கிறேன். எல்லாவற்றிலும் என் வாய் திறந்திருக்கிறது. முகம் மறக்காதவன் என்று பெயர் வாங்கியவன், என் முகத்தையே பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் பானுவிடம் போய், கண்ணை எதுவும் செய்ய வேண்டாம், மூடியபடியே இருக்கட்டும் என்றேன். அந்த நெற்றியையாவது கொஞ்சம் இளக்கவா என்று கேட்டாள். பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்குமாம்.

வேண்டாம் என்றேன். எனக்கு நிம்மதியாக இருக்கக் கூடாது.

என்னையும் தெய்வானையையும் மட்டும் வெட்டி எடுத்தாள். அதற்கு மேல் அந்தப் படத்தில் யாரும் கை வைக்கவில்லை.

திதி

வருஷத் திதிக்குத் தெய்வானை வந்தாள். நான் கூப்பிட்டிருந்தேன், ஆனால் வருவாள் என்று நம்பவில்லை. மல்லிகையும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய மாலை. படத்தின் முன்னால் முன்போலவே குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது அக்கா" என்றாள். மாலையைப் போட்டாள்.

படம் இப்படி இருக்கிறதே, கண் திறந்த படம் இல்லையா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, நெற்குப்பையில் இருக்கிறது என்று சொல்கிறேன். தாவணிப் படத்தைத் தெய்வானையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கண்ணைப் பார்க்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

தினமும் காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றி அந்தப் படத்தின் முன்னால் நிற்கிறேன். இறுகிய புருவம், இறுகிய கன்னம். சொல்ல எவ்வளவோ இருக்கிறது. சேவலைப் பற்றிக் கேட்க வேண்டும். புளியமரத்தடியில் நின்ற அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வரும்.

வாயைத் திறப்பதில்லை. திரி கருகுகிற வரை சும்மா நின்றுவிட்டு வந்துவிடுகிறேன்.